ஹெபடைடிஸ் வைரஸின் புரதத்தை எதிர்ப்பொருள் எப்படி அடையாளம் காண்கிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தக்கலை வட்டாரத்தில் உள்ள ஓர் இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் பல ஆண்டுகளாகப் பணிபுரிகிறேன். வளைகுடாவுக்குப் புறப்படும் இளைஞர்கள், கர்ப்பிணிகளுடன் துணைக்கு வரும் தாய்மார்கள், முடிவை வாங்கிக்கொண்டு வாசலிலேயே நின்று திருப்பித் திருப்பிப் பார்ப்பவர்கள் எனப் பலரும் என்னிடம் கேட்கும் சந்தேகங்கள் ஒரே இடத்தைத்தான் சுற்றி வருகின்றன. தாளில் ‘பாசிட்டிவ்’ என்று இருக்கிறது, எது பாசிட்டிவ்? இதற்கு விடை வேண்டுமானால், எதிர்ப்பொருள் வைரஸின் எந்தப் புரதத்தை, எவ்விதம் பற்றுகிறது என்பது தெரிந்திருக்க வேண்டும். கேள்விகளைக் கேட்டவர்களின் சொற்களிலேயே வைத்திருக்கிறேன். சிகிச்சை பற்றிய முடிவுகளை மருத்துவரிடமே கேட்டறியுங்கள்.

சிஸ்டர், ஆன்டிஜென், ஆன்டிபாடி ரெண்டும் ஒண்ணுதானே?

இரண்டும் வேறு வேறு. ஆன்டிஜென் என்பது வைரஸிடம் உள்ள பொருள்; ஆன்டிபாடி, அதாவது எதிர்ப்பொருள், அதைப் பிடிப்பதற்காக நம் உடல் செய்யும் புரதம். கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸின் மேலுறையில் உள்ள புரதத்திற்கு எச்.பி.எஸ்.ஏ.ஜி என்று பெயர். அதற்கு எதிராக உடல் உண்டாக்குவது ஆன்டி எச்.பி.எஸ். முன்னது பாசிட்டிவ் என்றால் பெரும்பாலும் வைரஸ் இப்போது உடலில் இருக்கிறது என்று பொருள். பின்னது பாசிட்டிவ் என்றால் பொதுவாகப் பாதுகாப்பு இருக்கிறது என்று பொருள்.

கடற்கரை ஊரைச் சேர்ந்த ஓர் இளைஞரின் தாளில், தடுப்பூசியால் உண்டான ஆன்டி எச்.பி.எஸ் முடிவை வேறோர் இடத்தில் யாரோ ‘ஹெபடைடிஸ் பி பாசிட்டிவ்’ என்று பேனாவால் சுருக்கி எழுதிவிட்டார்கள். அவரும் அவருடைய தாயாரும் இரண்டு நாள் உண்ணாமல் உறங்காமல் இருந்துவிட்டு எங்களிடம் வந்தார்கள். அந்தத் தாளில் இருந்தது நல்ல செய்தி. முடிவின் முழுப்பெயரையும் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்பது உங்கள் உரிமை.

ஆன்டிபாடிக்குக் கண்ணா இருக்கு? அது வைரசை எப்பிடிக் கண்டுபிடிக்குது?

கண் இல்லை, தொட்டுத்தான் அறிகிறது. எதிர்ப்பொருள் ஒவ்வொன்றும் கவட்டைக் குச்சியைப் போன்ற வடிவமுடையது. நீளம் ஏறத்தாழ 10 நானோமீட்டர். கவட்டையின் இரு கிளைகளின் நுனியிலும் ஆறாறு சிறிய வளையங்கள் உள்ளன. ரப்பர் தோட்டத்தில் பால் பிடிக்கும் சிரட்டையை விரல்களால் சுற்றிப் பற்றுவதுபோல, இந்த ஆறு வளையங்களும் சேர்ந்து வைரஸ் புரதத்தின் மேற்பரப்பில் ஒரு சிறு மேட்டையோ பள்ளத்தையோ பற்றுகின்றன. அவ்வாறு பற்றப்படும் இடத்திற்கு எபிடோப் என்று பெயர். அது மிகச் சிறியது; புரதச் சங்கிலியின் மணிகளான அமினோ அமிலங்களில் பெரும்பாலும் 15 முதல் 20 மட்டுமே நேரடியாகத் தொடுகின்றன.

இந்தப் பிடிப்பில் பசையோ நிரந்தர இணைப்போ கிடையாது. எதிர்மின்னேற்றமும் நேர்மின்னேற்றமும் ஈர்த்துக்கொள்வது, ஹைட்ரஜன் பிணைப்பு, நீரை விலக்கும் பகுதிகள் ஒன்றையொன்று நெருங்குவது போன்ற வலுக்குறைந்த விசைகள் பல ஒரே நேரத்தில் செயல்படுவதால்தான் பிடி நிற்கிறது. வடிவம் சற்றுப் பொருந்தாமல் போனாலும் இவற்றில் பாதி விசைகள் செயல்படுவதில்லை, பிடி நழுவிவிடுகிறது. எதிர்ப்பொருள் முழு வைரஸையும் அறிவதில்லை, அதன் மேலுள்ள ஒரு மேட்டை மட்டுமே அறிகிறது என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால் பின்வரும் பல பதில்கள் எளிதில் விளங்கும்.

அந்த வைரஸ் நம்ம உடம்புக்குள்ள இதுக்கு முன்ன வந்ததே இல்லையே. பின்ன அதுக்குப் பொருத்தமான ஆன்டிபாடி எங்கேயிருந்து வரும்?

வைரஸ் வருவதற்கு முன்பே அது தயாராக இருக்கிறது என்பதே வியப்புக்குரிய விடை. எதிர்ப்பொருளைச் செய்யும் பி செல்கள் எலும்பு மஜ்ஜையில் உருவாகும்போது, மரபணுத் துண்டுகள் சிலவற்றைக் குலுக்கி எடுத்து ஒட்டிக்கொள்கின்றன. ஒவ்வொரு செல்லுக்கும் ஒவ்வொரு சேர்க்கை அமைவதால், கோடிக்கணக்கான வெவ்வேறு பிடிகள் நம் இரத்தத்தில் காத்திருக்கின்றன. இதைச் சுசுமு டோனெகாவா 1976ஆம் ஆண்டு சோதனை மூலம் காட்டினார். 1987ஆம் ஆண்டு அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

வைரஸ் உள்ளே வந்ததும், அதன் ஏதோ ஒரு மேட்டில் ஓரளவு பொருந்தும் பி செல் தூண்டப்பட்டுப் பெருகத் தொடங்குகிறது. உடம்பில் நெறி கட்டியிருக்கிறது என்று நாம் சொல்கிறோமே, அந்த நிணநீர் முடிச்சுகளில்தான் அடுத்த வேலை நடக்கிறது. பெருகும் செல்கள் தங்கள் வளையங்களில் சிறு சிறு மாற்றங்களைச் செய்துகொள்கின்றன. அவற்றில் இறுகப் பிடிப்பவை பிழைக்கின்றன, மற்றவை அழிகின்றன. பெரியவர்களுக்கான ஹெபடைடிஸ் பி ஊசியை 0, 1, 6 மாதங்கள் என்று இடைவெளி விட்டுப் போடுவதற்கு இந்தத் தேர்வுக்குக் கால அவகாசம் தேவைப்படுவதும் ஒரு காரணம்.

ஹெபடைடிஸ் பி வைரசில் ஆன்டிபாடி எந்த இடத்தைப் பிடிக்கும்?

மேலுறைப் புரதத்தின் முக்கிய வடிவத்திற்கு எஸ் புரதம் என்று பெயர்; அது 226 அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி. அதில் 124 முதல் 147 வரையிலான பகுதி வைரஸின் வெளிப்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கிறது. இதனை ‘ஏ’ நிர்ணயப் பகுதி என்பார்கள். வைரஸின் எல்லா வகைகளிலும் இப்பகுதி ஏறத்தாழ ஒன்றுபோல் இருப்பதால், ஒரே தடுப்பூசி எல்லா வகைகளுக்கும் எதிராகப் பாதுகாப்பளிக்கிறது.

இங்கே சங்கிலியின் வரிசையைவிட அது மடிந்திருக்கும் விதமே முக்கியம். தோவாளையில் மாணிக்கமாலை கட்டுவதைப் பார்த்தவர்களுக்கு இது உடனே விளங்கும். சிவப்பு அரளி, வெள்ளை அரளி, நொச்சி இலை ஆகியவற்றை மடித்து மடித்து வைத்துப் பின்னும்போதுதான் கல் பதித்தது போன்ற அந்தக் கட்டம் தோன்றுகிறது. பின்னலை அவிழ்த்துவிட்டால் பூவும் இலையும் அப்படியே இருக்கும்; கட்டம் மட்டும் காணாமல் போய்விடும். எஸ் புரதத்தின் அந்தப் பகுதியும் அத்தகையதே. சிஸ்டீன் என்னும் அமினோ அமிலங்கள் கந்தகப் பாலம் போட்டு ஒன்றையொன்று பிணைத்து, இரண்டு வளையங்களை உண்டாக்குகின்றன. அந்தப் பாலங்களை வேதிப்பொருளால் அறுத்துவிட்டால் அமினோ அமிலம் ஒன்றுகூடக் குறைவதில்லை. இருந்தும், பாதுகாப்பளிக்கும் எதிர்ப்பொருள்களில் பெரும்பாலானவை அதை அடையாளம் காண்பதில்லை.

இதற்கு விதிவிலக்கான இடமும் உண்டு. வைரஸின் பெரிய மேலுறைப் புரதத்தில் ப்ரீ எஸ்1 என்ற வால் போன்ற பகுதி உள்ளது. பித்த உப்புகளைக் கல்லீரல் செல்லுக்குள் கொண்டுசெல்லும் என்.டி.சி.பி என்ற வாயிலை இந்த வால்தான் பற்றிக்கொள்கிறது என்பது 2012ஆம் ஆண்டு கண்டறியப்பட்டது. இங்கே மடிப்பைவிட வரிசையே பெரிதும் போதுமானது. வாலை மூடிக்கொள்ளும் எதிர்ப்பொருள் இருந்தால் வைரஸ் செல்லுக்குள் நுழைய முடியாது.

கார்டு டெஸ்டில் அந்தச் சிவப்புக் கோடு எப்பிடி வருது?

நீங்கள் நிற்கும் மேசைக்கு மறுபுறம் நடப்பது இதுதான். சீரத்தை, அதாவது உறைந்த இரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த தெளிந்த நீரை, சில சொட்டுகள் விடுகிறேன். இளஞ்சிவப்பு அலை ஒன்று பட்டையின் மேல் மெல்ல ஊர்ந்து செல்லும். அந்த நிறம், எதிர்ப்பொருள் பூசப்பட்ட மிக நுண்ணிய தங்கத் துகள்களுடையது. சீரத்தில் எச்.பி.எஸ்.ஏ.ஜி இருந்தால் துகளில் உள்ள எதிர்ப்பொருள் அதன் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொள்ளும். பட்டையின் குறுக்கே முன்பே ஒட்டப்பட்டிருக்கும் எதிர்ப்பொருள் மறுபக்கத்தைப் பிடித்து நிறுத்தும். துகள்கள் அந்த இடத்தில் குவியும்போது கோடு தெரிகிறது. அதற்கப்பால் வரும் மற்றொரு கோடு, பட்டை சரியாக வேலை செய்தது என்பதற்கு மட்டுமே சான்று. அதைக் கண்டு அஞ்ச வேண்டாம்.

ஒரு லேபில் கோடு வந்தது, அடுத்த லேபில் வரலை. யாரை நம்ப?

புரதத்தின் அளவு மிகக் குறைவாக இருந்தால் ஓர் அட்டை காட்டும், மற்றொன்று காட்டாது. குறித்த நேரம் கடந்தபின் பார்த்தாலும் மங்கலான கோடு தோன்றக்கூடும். எனவே அட்டை முடிவை எலிசா போன்ற, கருவியால் அளக்கும் ஆய்வக முறையில் மீண்டும் பார்க்க வேண்டும். அதிலும் ஐயம் தீராவிட்டால் அழகான ஒரு சோதனை இருக்கிறது. அதே சீரத்தில், தெரிந்த ஆன்டி எச்.பி.எஸ் எதிர்ப்பொருளை முதலில் கலந்துவிடுவார்கள். உண்மையான எச்.பி.எஸ்.ஏ.ஜி இருந்தால் அதன் மேடுகள் எல்லாம் மூடப்பட்டு, முன்பு வந்த சமிக்ஞை மறைந்துவிடும். மறையாவிட்டால், முதலில் தெரிந்தது வேறு ஏதோ பொருளின் தவறான ஒட்டுதல்.

ஊசி போட்டிருக்கேன். கல்ஃப் மெடிக்கல்ல பாசிட்டிவ் வந்துருமா?

வளைகுடா மருத்துவப் பரிசோதனையில் தேடப்படுவது எச்.பி.எஸ்.ஏ.ஜி. ஊசியால் உங்கள் உடலில் உண்டாவது அதன் எதிர்ப்பொருள். அது இந்தச் சோதனையைப் பாசிட்டிவ் ஆக்காது. ஆனால் ஒரு நுணுக்கம் உண்டு. தடுப்பூசி மருந்தே ஈஸ்ட் செல்களில் செய்யப்பட்ட எஸ் புரதம்தான். ஆகவே ஊசி போட்ட சில நாள்களில் இரத்தம் எடுத்தால், ஊசியில் சென்ற புரதமே சோதனையில் அகப்படலாம். 18 நாள்கள் வரை இவ்வாறு காணப்பட்டுள்ளது. அதில் வைரஸ் இல்லை, நோயும் வராது. விசா மருத்துவப் பரிசோதனைக்கு ஒரு மாதமாவது முன்பே ஊசியைப் போட்டுக்கொள்ளுங்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

கோர் ஆன்டிபாடி பாசிட்டிவ்னு எழுதியிருக்கு. அது நல்லதா கெட்டதா?

மேலுறைக்கு உள்ளே, வைரஸின் மரபணுவைச் சுற்றி ஓர் உட்கூடு இருக்கிறது, அதுவே கோர். அதற்கு எதிராகவும் உடல் ஏராளமான எதிர்ப்பொருளைச் செய்கிறது. ஆனால் முழு வைரஸில் அந்தக் கூடு மேலுறைக்குள் மறைந்திருப்பதால், இந்த எதிர்ப்பொருளால் அதை எட்டிப் பிடிக்க முடியாது. எனவே இது பாதுகாப்புத் தருவதில்லை. சாட்சி மட்டும் சொல்கிறது.

அந்தச் சாட்சியம் விலைமதிப்பற்றது. தடுப்பூசியில் கோர் புரதம் இல்லாததால், கோர் எதிர்ப்பொருள் இருந்தால் உண்மையான வைரஸ் ஒரு காலத்தில் உடலுக்குள் வந்திருக்கிறது என்று பொருள். எதிர்ப்பொருள்களில் பல வகைகள் உண்டு; அதில் முதலில் தோன்றும் ஐஜிஎம் வகை, அண்மைத் தொற்றைப் பெரும்பாலும் காட்டும். நெடுங்காலம் நிலைப்பது ஐஜிஜி வகை. மேலும், நோய் தணியும்போது எச்.பி.எஸ்.ஏ.ஜி மறைந்து ஆன்டி எச்.பி.எஸ் இன்னும் தென்படாத சில வாரங்களில், கோர் எதிர்ப்பொருள் ஒன்றே நடந்ததைச் சொல்லும்.

ஆன்டிபாடி இவ்வளவு கெட்டிக்காரனா இருந்தா, சிலருக்கு ஏன் ஆயுசுக்கும் வைரஸ் போகமாட்டேங்குது?

இந்த வைரஸ் செய்யும் ஒரு தந்திரம் எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது. முழு வைரஸ் 42 நானோமீட்டர் அளவுடையது. அதனுடன் சேர்த்து, உள்ளே மரபணு எதுவும் இல்லாத, பெரும்பாலும் எஸ் புரதமே போர்த்திய 22 நானோமீட்டர் அளவுள்ள வெற்று உருண்டைகளையும் அது கல்லீரல் செல்களில் இருந்து வெளியேற்றுகிறது. ஒரு வைரஸுக்கு ஆயிரம் முதல் இலட்சம் வரை இத்தகைய வெற்று உருண்டைகள் இரத்தத்தில் மிதக்கக்கூடும். அவற்றின் மேலும் அதே மேடுதான் இருப்பதால், எதிர்ப்பொருள் அவற்றைப் பிடிப்பதிலேயே தீர்ந்துபோகிறது. உண்மையான வைரஸ் தப்பிவிடுகிறது. இத்தனை புரதத்தை ஓயாமல் எதிர்கொள்ளும் நோயெதிர்ப்புச் செல்களும் காலப்போக்கில் சோர்ந்துவிடுகின்றன.

தொற்று எந்த வயதில் வந்தது என்பதும் முக்கியம். பெரியவர்களில் 100 பேரில் 5 பேருக்கும் குறைவானவர்களுக்கே இது நாள்பட்ட நோயாகிறது. பிறந்தவுடன் தொற்றும் குழந்தைகளில் ஏறத்தாழ 90 பேருக்கு ஆகிவிடுகிறது.

இந்தப் புரதத்தை முதல்ல யாரு கண்டுபிடிச்சாங்க?

பல முறை இரத்தம் ஏற்றப்பட்டவர்களின் சீரத்தில் என்னென்ன எதிர்ப்பொருள்கள் இருக்கும் என்று பருக் பிளம்பெர்க் என்ற அமெரிக்க ஆய்வாளர் தேடிக்கொண்டிருந்தார். ஜெல் தட்டில் எதிரெதிர்க் குழிகளில் இரண்டு சீரங்களை விட்டு, நடுவே வெண்கோடு விழுகிறதா என்று பார்ப்பதே அவர் முறை. இரத்தம் உறையாமை நோய் உள்ள ஒருவரின் சீரமும் ஆஸ்திரேலியப் பழங்குடியினர் ஒருவரின் சீரமும் சந்தித்த இடத்தில் கோடு விழுந்தது. 1965ஆம் ஆண்டு அது ‘ஆஸ்திரேலியா ஆன்டிஜென்’ என்ற பெயரில் வெளியாயிற்று. பின்னர் அதுவே ஹெபடைடிஸ் பி வைரஸின் மேலுறைப் புரதம் என்று தெரிந்தது. 1976ஆம் ஆண்டு அவர் நோபல் பரிசு பெற்றார்.

கீழாநெல்லி குடிச்சா ஆன்டிபாடி வருமா?

நம் ஊரில் இக்கேள்வியைக் கேட்காதவர் இல்லை. இதை எளிதில் தள்ளிவிடவும் கூடாது. மேலே சொன்ன பிளம்பெர்க்கே சென்னை ஆய்வாளர்களுடன் சேர்ந்து இதை ஆராய்ந்தார். 1988ஆம் ஆண்டு வெளியான அந்த ஆய்வில், கீழாநெல்லி எடுத்துக்கொண்ட 37 பேரில் 22 பேருக்கு எச்.பி.எஸ்.ஏ.ஜி மறைந்திருந்தது, வெற்று மருந்து எடுத்த 23 பேரில் ஒருவருக்கே மறைந்தது. ஆனால் பிற இடங்களில் பின்னர் நடந்த ஆய்வுகளில் அதே பலன் கிடைக்கவில்லை. எதிர்ப்பொருளை நம்பகமாக உண்டாக்குவது தடுப்பூசி. நாள்பட்ட தொற்றுக்கு மருத்துவர் தரும் வைரஸ் எதிர்ப்பு மருந்து உண்டு. கீழாநெல்லியை நம்பி அந்த மருந்தை நிறுத்துவது ஆபத்தானது.

பி-க்கு ஊசி இருக்கு, சி-க்கு மட்டும் ஏன் இல்லே?

சி வைரஸ் வேடம் மாற்றுவதில் வல்லது. அதன் மேலுறையில் உள்ள இ2 புரதத்தின் முனையில் 27 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு பகுதி, ஒரே நோயாளியின் உடலிலேயே மாறிக்கொண்டே இருக்கிறது. எதிர்ப்பொருள் முதலில் பிடிப்பது பெரும்பாலும் அதைத்தான். பிடி இறுகுவதற்குள் அந்த மேடு வேறு வடிவம் கொண்டுவிடுகிறது. மாற முடியாத இடமும் அதே புரதத்தில் உண்டு. செல்லின் சி.டி81 என்ற புரதத்தைப் பற்றும் இடம் மாறினால் வைரஸால் உள்ளே நுழையவே முடியாது. ஆனால் அந்த இடத்தைச் சர்க்கரைச் சங்கிலிகள் போர்த்தி மறைக்கின்றன. அதனை எட்டிப் பிடிக்கும் எதிர்ப்பொருள்கள் சிலரிடம் இருக்கின்றன. அவற்றை எல்லாரிடமும் உண்டாக்கும் தடுப்பூசியைத்தான் ஆய்வாளர்கள் தேடுகிறார்கள்.

இந்த வைரஸும் எதிர்ப்பொருளாலேயே கண்டுபிடிக்கப்பட்டது. நோயுற்ற சிம்பன்சியின் இரத்தத்திலிருந்து எடுத்த மரபணுத் துண்டுகளைப் பாக்டீரியாக்களில் புரதமாக்கி, நோயாளியின் சீரத்தால் ஏறத்தாழ பத்து இலட்சம் துண்டுகளைச் சலித்தபோது, ஒன்றே ஒன்றை எதிர்ப்பொருள் பிடித்தது. 1989ஆம் ஆண்டு வெளியான அந்த முடிவே சி வைரஸின் முதல் அடையாளம்.

சி-க்கு மருந்து சாப்பிட்டுக் குணமாச்சு. ஆன்டிபாடி இன்னும் பாசிட்டிவா இருக்கே?

அது அப்படித்தான் இருக்கும். பல ஆண்டுகள் நீடிக்கும். கோர் பற்றிய பதிலில் சொன்னதுபோல இதுவும் சாட்சி மட்டுமே. வைரஸ் இப்போது இருக்கிறதா என்பதை, அதன் மரபணுப் பொருளையே தேடும் ஆர்.என்.ஏ சோதனைதான் சொல்லும். சி மீண்டும் தொற்றக்கூடும் என்பதையும் மறக்க வேண்டாம்.

கிணத்துத் தண்ணியில வர்ற மஞ்சக்காமாலைக்கும் இதே கதைதானா?

அசுத்த நீரால் பரவும் ஏ, இ வைரஸ்களுக்கு வெளியேற்றப்படும் நிலையில் மேலுறை இல்லை. எதிர்ப்பொருள் நேரடியாகப் புரதக் கூட்டையே பிடிக்கிறது. அக்கூடு பெரிதாக வேடம் மாற்றாததால், ஏ ஒருமுறை வந்து குணமானால் வாழ்நாள் பாதுகாப்புக் கிடைக்கிறது. ஆனால் ஏ-யின் எதிர்ப்பொருள் இ-யைப் பிடிக்காது; பி-யையும் பிடிக்காது. ‘எனக்குச் சின்ன வயசிலேயே காமாலை வந்துட்டு’ என்று சொல்லிப் பி ஊசியைத் தவிர்ப்பது சரியன்று. டி வைரஸ் மட்டும் பி-யின் எஸ் புரதத்தையே மேலாடையாகப் போர்த்திக்கொள்வதால், பி ஊசி அதையும் தடுத்துவிடுகிறது.

வைரஸ் ஓர் எழுத்து மாறினா ஊசி வேலை செய்யாமப் போயிருமா?

எஸ் புரதத்தின் 145ஆம் இடத்தில் கிளைசின் என்ற மிகச் சிறிய அமினோ அமிலம் இருக்க வேண்டும். அங்கே ஆர்ஜினைன் என்ற பருத்த, மின்னேற்றமுள்ள அமிலம் வந்து அமர்ந்தால், முன்பு விளக்கிய மடிப்பின் மேடு உருமாறிவிடுகிறது. தடுப்பூசி போட்டும் தொற்று ஏற்பட்ட இத்தாலியக் குழந்தை ஒன்றிடம் இந்த மாற்றம் கண்டறியப்பட்டு, 1990ஆம் ஆண்டு வெளியிடப்பட்டது. சில சோதனை அட்டைகளின் பார்வைக்கும் இது தப்பக்கூடும். ஆயினும் இத்தகைய வைரஸ் பரவலாகவில்லை; தடுப்பூசி உலகெங்கும் தொடர்ந்து பலனளிக்கிறது.

பல வருஷத்துக்கு முன்ன போட்ட ஊசி. இப்ப அளவு 10-க்குக் கீழே வந்துட்டு. திரும்பப் போடணுமா?

மில்லிலிட்டருக்கு 10 மில்லி சர்வதேச அலகு என்பதே பாதுகாப்பின் எல்லைக் கோடு. முழுத் தவணைகளும் போட்டு, ஒருமுறை அதைத் தாண்டியவர்களுக்குப் பின்னாளில் அளவு குறைந்தாலும் நினைவுச் செல்கள் நிலைத்திருக்கின்றன. வைரஸ் நுழைந்தால், அது நோயாக முற்றுவதற்கு முன்பே அவை பெருகிவிடும். ஆகவே உடல்நலமுள்ளவர்களுக்குப் பொதுவாக மறு ஊசி தேவையில்லை. டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்கும் நோயெதிர்ப்பு ஆற்றல் குறைந்தவர்களுக்கும் இது பொருந்தாது. அவர்கள் மருத்துவரிடம் கேட்க வேண்டும்.

மகளுக்குப் பாசிட்டிவ். பேரப்பிள்ளைக்கு ரெண்டு தொடையிலயும் ஊசி போட்டாங்க. எதுக்கு ரெண்டு?

ஒன்று, எஸ் புரதம் உள்ள தடுப்பூசி. குழந்தை தானே எதிர்ப்பொருளைச் செய்யக் கற்றுக்கொள்வதற்காக. மற்றொன்று ஹெபடைடிஸ் பி இம்யூனோகுளோபுலின், அதாவது பிறரின் இரத்தத்திலிருந்து எடுத்த ஆயத்த எதிர்ப்பொருள். குழந்தை கற்றுக்கொள்ளும் வரை காவல் நிற்பதற்காக. பிறந்து 12 மணி நேரத்திற்குள் இரண்டையும் போடுவது நல்லது. ஒரே இடத்தில் போட்டால் ஆயத்த எதிர்ப்பொருள் தடுப்பூசியின் புரதத்தையே பிடித்து மூடிவிடக்கூடும் என்பதால்தான் ஊசிக்கொரு தொடை.

தொடர் தவணைகள் முடிந்தபின், 9 முதல் 12 மாத வயதில் குழந்தைக்கு எச்.பி.எஸ்.ஏ.ஜி, ஆன்டி எச்.பி.எஸ் ஆகிய இரண்டையும் பார்க்க வேண்டும். கோர் எதிர்ப்பொருளை அப்போது பார்க்க வேண்டாம். தாயின் ஐஜிஜி நஞ்சுக்கொடி வழியே குழந்தைக்குச் சென்று இரண்டு வயது வரைகூட இருக்கலாம். அந்த முடிவு தாயின் கதையைச் சொல்லுமே தவிர, குழந்தையின் கதையைச் சொல்லாது.